கூலிக்குப் போனவனுக்குப் பேர் கிடையாதா?

சென்னை நந்தம்பாக்கத்துல ஒரு போர்க் கல்லறைத் தோட்டம் இருக்குதுங்க. "வெள்ளைக்காரன் பொணத்துக்கு இத்தனை இடமா?" என்று நம்மாட்கள் கேட்பதுண்டு. மேட்டுப்பாளையம் டீக்கடையிலும் கேட்டிருக்கேன். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. இரண்டாம் உலகப் போரில் செத்து, தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல கல்லறைகளில் சிதறிக் கிடந்தவர்களை, பார்த்துக்கொள்ள ஆள் இருக்காதுன்னு அங்கே கொண்டுவந்து சேர்த்தாங்க. 850 பேருக்கு மேல். இதுல என்ன தப்பு?

என் சண்டை வேற. 1917ல தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம் (இந்தியாவும் அதில் உறுப்பு நாடுதான்) பதவி, இனம், மதம் எதிலும் பேதம் பார்க்க மாட்டோம்னு சொல்லிச்சு. 1929ல பாஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் திறந்தாங்க. நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ் போய்ச் சண்டை போட்ட மெசபடோமியா களத்துக்கானது. வெள்ளைக்காரச் சிப்பாய் ஒவ்வொருத்தனுக்கும் கல்லில் பேர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவுக்கு இத்தனை பேர்னு வெறும் எண்ணிக்கை! ஆடு மாடா ஐயா? முதல் உலகப் போரில் 45,000லிருந்து 54,000 பேர் வரை, இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும், சமமில்லாமல் நினைவுகூரப்பட்டார்கள் என்று ஆணையமே 2021ல ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருசம் கழிச்சு.

சரி, அவன் அந்நியன். நாம என்ன பண்ணினோம்? முதல் போருக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் சில ஊர்களில் கல் பதிச்சாங்க. இங்கிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று. அங்கேயும் எண்ணிக்கைதான். 1947க்குப் பிறகு பேர் சேர்க்க யாருங்க தடை? டெல்லியில் 2019ல திறந்த தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் 25,000க்கும் மேல் பேர் இருக்கு; ஆனா எல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு செத்தவங்க. "அதுக்கு முன்னாடி போனவன் கூலிக்குத்தானே போனான்" என்பார்கள். வயித்துக்குப் போனவன் செத்தா அவன் பொண்டாட்டி அழ மாட்டாளா?

செங்கம் பக்கம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒண்ணு இருக்கு. ஒரு வீரனுக்கு வச்சது; திருடர்களோட சண்டை போட்ட அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்காங்க. கோவிவன்னு அதன் பேரையும் வெட்டி வச்சிருக்காங்க. நாய்க்குங்க!

ஆணையத்தின் பதிவுகள் இன்னைக்கு இணையத்தில் திறந்து கிடக்கு. பலதில் தகப்பன் பேரும் ஊர்ப் பேரும்கூட இருக்கு. தாலுகா ஆபீசில் ஒரு கிளார்க் நாலு நாள் உட்கார்ந்தால் பட்டியல் எடுத்துடலாம். பஸ் ஸ்டாண்டில் தலைவர்களுக்கு வைக்கிற ஒரு ஃப்ளெக்ஸ் காசில் கல்லும் வெட்டிடலாமுங்க.