விலக்கு உண்டு, விளக்கம் இல்லை: காது கேளாத மாணவர்களின் வகுப்பறை

சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இயங்கி வருகிறது. தொழில் மறுவாழ்வு மையம் என்ற பழைய பெயரைச் சொன்னால்தான் பலருக்குத் தெரியும். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இத்தகைய மையங்களை நாடும் காது கேளாத இளைஞர்களில் பலரிடம் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கும். ஆனால், சொந்தமாக ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதத் திணறுவார்கள்.

இது அறிவுக் குறைபாடு அல்ல. பன்னிரண்டு ஆண்டுகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தும், அங்கே பேசப்பட்டது அவர்களைச் சென்றடையவில்லை. கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதினார்கள்; மனப்பாடம் செய்தார்கள்; தேர்ச்சி பெற்றார்கள். பாடத்தை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல ஆள் இல்லை.

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் சுமார் 50.7 லட்சம் பேர். இவர்களின் கல்விக்காக நமது மாநிலம் சலுகைகள் தருகிறது. பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. நல்லெண்ணத்தில் தரப்படும் சலுகைதான். ஆனால், மொழி கற்பிக்க வழி செய்யாமல் மொழித்தேர்வை மட்டும் நீக்கினால், மாணவரின் சுமையோடு வாய்ப்பும் சேர்ந்தே குறைகிறது.

சட்டம் இதைவிட அதிகமாகவே சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 16இல், காது கேளாதோருக்கான கல்வி அவர்களுக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் தொடர்பு முறையிலும் வழங்கப்பட வேண்டும் என்கிறது. சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களைப் பயிற்றுவித்து நியமிக்க வேண்டும் என்கிறது பிரிவு 17. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இந்திய சைகை மொழியை நாடு முழுவதும் தரப்படுத்துவதாகக் கூறுகிறது. இத்தனை இருந்தும், காது கேளாத பிள்ளை படிக்கும் சாதாரணப் பள்ளியில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் காண்பது அரிது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாதோர் பள்ளிகளில் சைகையைத் தவிர்த்து உதட்டசைவையும் பேச்சுப் பயிற்சியையும் மட்டுமே பின்பற்ற வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தச் சிந்தனை உலகெங்கும் பரவியது. சைகை செய்தால் பேச்சு வராது என்ற அச்சம் இன்றும் நம் பெற்றோர்களிடம் இருக்கிறது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு, மிலான் தீர்மானங்களால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 ஆண்டுகள் போய்விட்டன.

சைகை என்பது வெறும் கையசைவு அல்ல. தனி இலக்கணம் உள்ள மொழி. 'நேற்று நான் கடைக்குப் போனேன்' என்பது இந்திய சைகை மொழியில் 'நேற்று, நான், கடை, போ' என்ற வகையில் அமையும். காலத்தை 'நேற்று' என்ற சைகையே காட்டிவிடும். வேற்றுமை உருபுகள் இல்லை. ஆகவே சைகையில் சிந்திக்கும் பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. இரண்டுக்கும் இடையே பாலமாக நிற்பவரே மொழிபெயர்ப்பாளர்.

அந்தப் பணி எளிதல்ல. ஆசிரியர் பேசப் பேசவே பொருளைப் பிடித்து, கையாலும் முகபாவத்தாலும் சொல்ல வேண்டும். 'ஒளிச்சேர்க்கை' போன்ற பாடச் சொல்லுக்கு மாணவர் அறிந்த சைகை இல்லையென்றால் எழுத்து எழுத்தாகக் காட்டி விளக்க வேண்டும். தொடர்ந்து அரை மணி நேரம் செய்தாலே மூளை களைத்துவிடும். அதனால்தான் நீண்ட நிகழ்ச்சிகளில் இருவர் மாறி மாறிச் செய்கிறார்கள். மாணவராலும் ஒரே நேரத்தில் கரும்பலகையையும் மொழிபெயர்ப்பாளரையும் பார்க்க முடியாது. ஆசிரியர் சற்று நிறுத்தித்தான் பேச வேண்டும். "அவனுக்குப் புரிந்ததா?" என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்காமல், மாணவரிடமே கேட்க வேண்டும்.

இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2015இல் டெல்லியில் தொடங்கப்பட்டது. அதன் அகராதியில் 2021இல் சொற்கள் 10,000 ஆயின. மொழிபெயர்ப்புக்கான பட்டயப் படிப்பும் உண்டு. ஆனால், படித்தவருக்குப் பள்ளியில் நிரந்தரப் பணியிடம் இல்லாவிட்டால் யார் படிக்க வருவார்கள்? 2021இல் உச்ச நீதிமன்றம் சிறப்பாசிரியர்களுக்கு விகிதம் வகுத்தது: தொடக்கநிலையில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். தேவையான தீர்ப்பு. ஆனாலும், எல்லா வகைக் குறைபாடுகளுக்கும் பொறுப்பேற்கும் சிறப்பாசிரியர், வகுப்பு முழுவதும் ஒரு மாணவருக்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டும் வெவ்வேறு பணிகள்.

2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னிக்காக உச்ச நீதிமன்ற விசாரணையில் சைகை மொழிபெயர்ப்பாளர் அனுமதிக்கப்பட்டார். நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் முடிந்தது எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ஏன் முடியாது?

மொழிபெயர்ப்பாளரை நியமித்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதும் உண்மை. சைகையே கற்றிராத பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளர் காட்டுவதும் புரியாது. பெற்றோருக்கும் மழலைப் பருவத்திலேயே பிள்ளைக்கும் சைகை கற்றுத்தர வேண்டும். அதற்குக் காது கேளாத ஆசிரியர்களே மிகப் பொருத்தமானவர்கள். கருவி பொருத்திய பிள்ளைக்கும் சைகை கூடுதல் பலம்தான்.

அரசு செய்ய வேண்டியது தெளிவு: மொழிபெயர்ப்பாளர் என்ற தனிப் பணியிடம், முறையான ஊதியம், காது கேளாத மாணவர்கள் பலர் சேர்ந்து படிக்கும் பள்ளிகளில் முதல் நியமனம். சமுதாய அமைப்புகளுக்கும் இதில் பங்கு உண்டு. நாம் நடத்தும் பள்ளிகள், கல்லூரிகள் எத்தனை! ஆண்டுதோறும் வழங்கும் கல்வி உதவித்தொகையில், சைகை மொழிபெயர்ப்புப் பட்டயம் படிக்க இருவருக்கு இடம் ஒதுக்கலாம். படித்து வந்தால் நம் பள்ளியிலேயே வேலை தரலாம்.

தேர்விலிருந்து விலக்கு தருவது எளிது. பாடத்தை விளக்க ஓர் ஆளை நியமிக்கத்தான் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்த்ததன் விலையை, சான்றிதழோடு வேலை தேடி அலையும் பிள்ளைகளே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.