துப்புவதற்கும் ஒரு வாளி

எங்கள் பக்கத்தில் மதுக்கடைக்கு 'ஒயின் ஷாப்' என்றுதான் பெயர். மேல்மலையனூரிலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் கை காட்டுவார்கள். பலகையில் டாஸ்மாக் என்று இருக்கும். வாங்குகிறவன் கையில் பிராந்தி இருக்கும், ரம் இருக்கும். ஒயின் குடித்த ஒருவனை எங்கள் சேரியில் நான் கண்டதில்லை. முப்பது வயது தாண்டித்தான் அசல் ஒயினைக் கண்ணால் பார்த்தேன். அதுவும் எங்கள் பிள்ளைகளின் பெயரால் ஊற்றப்பட்டதைப் பார்த்தேன்.

சேரியில் நாங்கள் நடத்துகிற மாலைப் பள்ளிக்குக் கூரை மாற்றியாக வேண்டும். மழை வந்தால் பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிறார்கள். சென்னையில் ஓர் அறக்கட்டளை உதவுவதாகச் சொன்னது. நட்சத்திர ஓட்டலில் நன்கொடை விருந்து. அபூர்வமான ஒயின்களைச் சுவைத்துப் பார்ப்பது, பிறகு ஏலம், பிறகு சாப்பாடு. "அஞ்சு நிமிஷம் உங்க ஊரப் பத்திப் பேசுங்க சார், உருக்கமா இருக்கட்டும்" என்றார்கள். போனேன்.

ஆளுக்கு ஆறு கண்ணாடிக் குவளை. ஒரு ஒயினின் வாசனை இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளக் கூடாதாம், அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குவளை. எங்கள் ஊர்ப்பக்கம் டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்தவர்களும் ஏதோ ஒட்டிக்கொள்ளும் என்றுதான் பயந்தார்கள். அங்கே காப்பாற்றப்பட்டது ஒயின். இங்கே காப்பாற்றப்பட்டது சாதி.

ஒயினைப் பற்றி விளக்குவதற்கென்றே ஒருவர் இருந்தார். பிரான்சின் பர்கண்டியிலிருந்து வந்த பழைய புட்டி ஒன்றைத் திறந்தார். குவளையைச் சுழற்றச் சொன்னார், மூக்கை உள்ளே விடச் சொன்னார். "என்ன தெரிகிறது? பதப்படுத்திய தோல், ஈர மண், கொஞ்சம் மாட்டுத் தொழுவம்" என்றார். எல்லோரும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள்.

எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தார். செத்த மாட்டை உரித்து, தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, பறைக்கு இழுத்துக் கட்டுவார். அவர் மேலே அடித்த வாசனை அதேதான்: தோல், மண், தொழுவம். அந்த வாசனைக்காகத் தெருவில் ஒதுங்கி நிற்க வைத்தார்கள். அவர் கட்டிய பறை சாவுக்கு வேண்டும், சாமிக்கு வேண்டும், அவர் மட்டும் வேண்டாம். மனுசன் மேலே அடித்தால் தீட்டு, குவளைக்குள் அடித்தால் ரசனை! இந்த ரசனை எந்த மூக்கில் பிறந்தது, தோழர்களே?

அடுத்தது துப்புவது. ஒயினை வாயில் வைத்து உருட்டிவிட்டு, விழுங்காமல் பளபளக்கும் வாளியில் துப்புகிறார்கள். விழுங்கினால் போதை ஏறி, அடுத்த ஒயினின் ருசி தெரியாதாம். முறைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாளியைப் பார்த்ததும் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியது நினைவுக்கு வந்தது. பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில், எச்சில் தரையில் விழுந்துவிடாதபடி தீண்டப்படாதவன் கழுத்தில் மண்சட்டி கட்டித் திரிய வேண்டியிருந்தது. எச்சிலுக்கும் இந்த நாட்டில் சாதி உண்டு. ஒருத்தன் எச்சிலைப் பணியாளர் வந்து மரியாதையாக எடுத்துப் போகிறார். இன்னொருத்தன் தன் எச்சிலைத் தானே சுமந்தான். ஊருக்குத் திரும்பி ஆயாவிடம் சொன்னேன். "துப்புறதுக்கா அம்மாங் காசு?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

விருந்து வைத்தவர்கள் போன் நகரத்தை முன்மாதிரி காட்டினார்கள். பர்கண்டியில் இருக்கிற அந்த ஊரில் 1443இல் நிக்கோலா ரோலேன் என்ற அமைச்சர் ஏழைகளுக்கு மருத்துவமனை கட்டினார். அதன் திராட்சைத் தோட்ட ஒயினை 1859 முதல் ஏலம் விட்டு மருத்துவமனைக்குப் பணம் சேர்க்கிறார்கள். 2022இல் ஒரே ஒரு பீப்பாய் 8,10,000 யூரோவுக்குப் போனது. நல்ல காரியம்தான். ஆனால் இன்னொரு கதையை அவர்கள் சொல்லவில்லை. பிரெஞ்சு மன்னன் பதினோராம் லூயி ரோலேனைப் பற்றிச் சொன்னதாக ஒரு பேச்சு வழங்குகிறது: அத்தனை பேரை ஏழையாக்கியவன், அவர்கள் படுக்க ஒரு மருத்துவமனை கட்டுவது நியாயம்தான் என்றானாம். நன்கொடை விருந்து என்றால் என்ன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

இப்போது கணக்குக்கு வருவோம். குடித்து தருமம் செய்வது இவர்கள் மட்டும்தானா? 2024-25இல் டாஸ்மாக் மூலம் தமிழ்நாட்டு அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். கட்டட வேலை முடிந்து, கரும்பு வெட்டி முடிந்து, கை நடுங்கக் குவார்ட்டர் வாங்குகிறவன் கொடுத்த பணமும் இதில் இருக்கிறது. அரசு நடப்பதும், மாணவனுக்கு உதவித்தொகை வருவதும், சாலை போடுவதும் அந்தக் கஜானாவிலிருந்துதான். அவனுக்கு யாராவது பொன்னாடை போர்த்தினார்களா? அவனுக்குப் பெயர் குடிகாரன். துப்பிவிட்டு ஏலம் கேட்டவருக்குப் பெயர் வள்ளல்.

அந்தக் குவார்ட்டருக்கும் காசு இல்லாதவன் போகிற இடம் கள்ளச்சாராயம். எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மீனவர்கள் செத்தார்கள். செங்கல்பட்டு மாவட்டச் சாவுகளையும் சேர்த்து 20க்கும் மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அவர்களில் பலர் கூலி வேலை செய்த தலித்துகள். மெத்தனால் முதலில் கண்ணைப் பறிக்கும், அப்புறம் உயிரை. இந்தக் குடியில் நிறம் பார்க்கவும் மணம் பார்க்கவும் நேரம் இல்லை.

குடியை நான் போற்றவில்லை. எங்கள் பெண்கள் தாலியை அடகு வைத்துவிட்டு அழுவதைப் பார்த்து வளர்ந்தவன். ஆனால் குடிக்கும் ஒரு நீதி இருந்ததைச் சங்கப் பாட்டில் படித்திருக்கிறேன். அதியமான் செத்தபோது ஔவை புலம்புகிறாள்: கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான். மன்னன்தான், ஆனாலும் பாடுகிறவளோடு உட்கார்ந்தான். அந்த ஓட்டலில் எனக்கு நாற்காலி போட்டிருந்தது கதவோரம், போட்டோ எடுப்பவருக்குப் பக்கத்தில்.

என் முறை வந்தது. உருக்கமாகப் பேசவில்லை. 1892இல் எங்கள் மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்று கேட்டேன். அதைக் கேட்டதற்காக 1994இல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுடப்பட்டுச் செத்ததைச் சொன்னேன். அந்த நிலம் எங்களிடம் இருந்திருந்தால் கூரைக்காக உங்கள் வாசலுக்கு வந்திருக்க மாட்டேன் என்றேன். கைதட்டல் கம்மிதான்.

"அப்புறம் எதுக்குய்யா காசு வாங்கின?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். வாங்கினேன். அடுத்த மழைக்குப் பிள்ளைகள் நனையக் கூடாது. ஆனால் ரசீதில் 'நன்கொடை' என்று எழுதச் சொன்னார்கள். நான் 'பாக்கியில் வரவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மீதிப் பாக்கி அப்படியே நிற்கிறது.