பாலில் பழுதா, பாத்திரத்தில் பழுதா?

இரவிலே காய்ச்சி வைத்த பால் காலையில் திரிந்து கிடக்கக் கண்டால், அனுபவம் மிக்க இல்லத்தரசி உடனே பால்காரரைக் கடிந்து கொள்வதில்லை. பால் பழுதா, அன்றிப் பாத்திரம் பழுதா என்று முதலில் ஆராய்வாள். அடுக்களையில் எழும் இதே வினா வைத்தியசாலை ஆய்வுகூடத்திலும் நாள்தோறும் எழுகின்றது. அங்கே பாலின் இடத்தில் இருப்பது மனிதரின் இரத்தம்.

அன்பர் ஒருவர் எம்மிடம் கேட்ட கேள்வியே இதனை எழுதத் தூண்டியது. காய்ச்சலுற்ற அவர் தந்தையாரின் இரு கைகளிலும் இரத்தம் எடுத்தார்களாம். இரண்டு நாட்களின் பின் ஒரு கையின் இரத்தத்தில் மட்டும் கிருமி வளர்ந்தது. வைத்தியரோ இன்னுமொரு சோதனை செய்து பார்த்துவிட்டு, “இதற்கு மருந்து வேண்டியதில்லை” என்றாராம். தந்தையார் சுகமாக வீடு திரும்பினார். ஆயினும், “கிருமியைக் கண்டும் மருந்து கொடாது விட்டது கவனக் குறைவன்றோ?” என்ற ஐயம் மகனை விட்டு நீங்கவில்லை.

அன்பரின் ஐயம் இயல்பானதே. இரத்தத்திற் கிருமி கலந்துவிட்டதோ என்று அஞ்சும் வைத்தியர், நாளத்திலிருந்து இரத்தம் எடுத்து, கிருமிகளுக்கு உணவாகும் திரவம் கொண்ட குப்பிகளில் இடுவிப்பார். அக்குப்பிகள் ஏறக்குறைய உடலின் வெப்பநிலையிலே, வழக்கமாக ஐந்து நாட்கள் வரை வைக்கப்படும். இரத்தத்திற் சிறு தொகைக் கிருமிகள் இருப்பினும், அவை குப்பியிற் பல்கிப் பெருகித் தம்மைக் காட்டிக் கொடுக்கும்.

ஆனால், குப்பிக்கு ஒரு குறை உண்டு. தன்னுட் புகுந்த கிருமி எங்கிருந்து வந்தது என்பதை அது அறியாது. நமது தோலிலே ஸ்ரபிலோகொக்கசு எப்பிடேர்மிடிசு போன்ற பற்றீரியாக்கள் எந்நாளும் குடியிருக்கின்றன. தோலில் இருக்கும்வரை அவற்றால் பெருந் தீங்கில்லை. ஊசி தோலைத் துளைக்கும்போது அவற்றிற் சில குப்பியுட் சென்றாலும் அங்கே செழித்து வளரும். இத்தகைய கலப்பு நூற்றுக்கு 3க்கு மேற்படலாகாது என்பது ஆய்வுகூடங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட அளவு. சிறந்த முறைகளைக் கையாண்டால் நூற்றுக்கு 1 ஆகக் குறைக்கலாம் என்பது இக்காலத்தார் கொள்ளும் இலக்கு.

தீர்ப்புப் பிழைத்தால் இரு பக்கமும் கேடுண்டு. கலப்பை உண்மைத் தொற்றென்று கொண்டால், நோயாளி வங்கோமைசின் போன்ற வலிய மருந்தை வீணே பெறுவார். அம்மருந்து சிறுநீரகத்தைத் தாக்கவுங் கூடும். உண்மைத் தொற்றைக் கலப்பென்று தள்ளினாலோ ஆபத்து இன்னும் பெரிது. செயற்கை இதய வால்வு பொருத்தியவரிடத்தும், நாளத்துட் குழாய் செருகியவரிடத்தும், அதே தோற் கிருமி உயிர்க்கே உலை வைக்கலாம்.

இவ்விடத்தே உடலையே சாட்சிக்கு அழைக்கின்றது விஞ்ஞானம். 1930ஆம் ஆண்டிலே நியூயோர்க்கில், ரொக்பெல்லர் நிலையத்தைச் சேர்ந்த ரில்லற், பிரான்சிஸ் என்னும் இருவர், நியூமோனியா நோயாளரின் இரத்தத்தில் ஒரு பொருளை இனங்கண்டனர். ஈரல் உண்டாக்கும் அதனை இன்று சீ.ஆர்.பி. என்கின்றோம். 1993இல் பிரெஞ்சு ஆய்வாளர் புறோகல்சிற்றோனின் என்னும் வேறொன்றின் பயனை வெளியிட்டனர். இது தைரொயிட் சுரப்பியில் உண்டாகும் கல்சிற்றோனினின் முன்வடிவம். சுகதேகியின் இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றரில் 0.1 நனோகிராமுக்குங் குறைவாகவே இருக்கும். கடும் பற்றீரியாத் தொற்று நேர்ந்தால், உடலின் பல உறுப்புகள் இதனைச் சொரியத் தொடங்கும். சில மணி நேரத்துள் உயர்ந்து, ஒரு நாளளவில் இது உச்சத்தை எட்டும். சீ.ஆர்.பி. உச்சமடைய ஏறக்குறைய இரண்டு நாட்களாகும்.

இதன் பொருள் எளிது. தோலிலிருந்து குப்பிக்குத் தாவிய கிருமி உடலுட் புகவில்லை. ஆகவே உடல் அதனை எதிர்த்துக் குரலெழுப்பவும் இல்லை. ஒரு கையின் இரத்தத்தில் மட்டும் தோற் கிருமி வளர்ந்து, நோயாளி தேறி வந்து, புறோகல்சிற்றோனினும் தாழ்ந்திருப்பின், பழுது பாத்திரத்தில் என்று கொள்ளப் பெரிதும் இடமுண்டு. அன்பரின் தந்தையார்க்கு நிகழ்ந்ததும் இவ்வாறே போலும்.

எனினும், இச்சாட்சியும் தவறாதது அன்று. பெரிய சத்திரசிகிச்சை, தீக்காயம், கடுங்காயம் ஆகியவற்றின் பின்னும், பிறந்து இரண்டு நாளாகாத குழந்தையிடத்தும், தொற்றின்றியே இவ்வளவு உயரலாம். தொற்றின் முதல் மணிகளிலும், குழாயிற் பற்றிய தோற் கிருமியாலும் உயராதிருக்கலாம். நியூமோனியா உற்றவரின் குப்பியிலே தோற் கிருமி தற்செயலாய்க் கலந்திருப்பின், உடல் கூவுவது ஒன்றுக்காக, குப்பி காட்டுவது மற்றொன்றை. ஆதலால் எண் ஒன்றை மட்டும் பார்த்து எவரும் முடிவு செய்வதில்லை. எந்தக் கிருமி, எத்தனை குப்பிகளில், எவ்வளவு விரைவில் வளர்ந்தது, நோயாளியின் நிலை யாது என்பனவற்றையும் சேர்த்தே நோக்குவர். ஸ்ரபிலோகொக்கசு ஓரியசோ ஈ.கோலையோ ஒரு குப்பியிற் காணப்படினும் அதனை எளிதில் ஒதுக்கார்.

இதில் நமக்கும் ஒரு பங்குண்டு. இரண்டு இடங்களில் இரத்தம் எடுத்தால், “ஒருமுறை எடுத்தது போதாதா?” என்று கடிந்து கொள்ளாதிருப்போம், இரு சாட்சிகள் ஒத்துரைத்தாலன்றோ வழக்கு வலுப்பெறும்? தாதி தொற்றுநீக்கி பூசி அது உலருமட்டும் காத்து நின்றால், அதனைத் தாமதம் என்று எண்ணாதிருப்போம். துடைத்த இடத்தை விரலால் தொடாதிருப்போம். முன்னரே வீட்டில் நுண்ணுயிர்கொல்லி உட்கொண்டிருந்தால் அதனை மறைக்காது சொல்வோம். ஏனெனில், அது உண்மைக் கிருமியையும் குப்பியில் வளரவிடாது தடுத்துவிடும்.

அன்பருக்கு எம் விடை இதுவே: கிருமியைக் கண்டும் மருந்து கொடாது விட்ட வைத்தியர், பாலைக் கொட்டுமுன் பாத்திரத்தையும் பார்த்தவர்.