இருபது நிமிட நாயனம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

‘படிப்பா? இசையா?’ என்று பட்டிமன்றம் வைத்தால் நம் மாணவர்கள் இரு பக்கமும் நின்று முழங்குவார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தலைப்பே தவறு என்பேன். கல்லூரி மாணவனுக்கு வாத்தியம் கைவராமற் போவதற்குப் படிப்பு காரணமன்று. பழகத் தெரியாமையே காரணம். பட்டறிந்து சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா, அம்மா இருவருக்கும் தீப்பெட்டி ஆபீசில் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், அடுத்த தெருப் பெரியவர் ஒருவரிடம் நாதசுவரம் பழகச் சேர்ந்தேன். ஆசைக்குக் காரணம் காருக்குறிச்சி அருணாசலம். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்து ஒலிக்கிறதே, அந்த நாயனம் அவருடையது. அவர் வாழ்ந்த கோவில்பட்டி நமக்கு அடுத்த ஊர்தானே!

ஆனால் அவரைப் போலப் பழக நினைத்ததுதான் நான் செய்த பிழை. அவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சீடராக இருந்து, அவர் பக்கத்தில் அமர்ந்து வாசித்தே வளர்ந்தவர். குருகுலத்தில் நாள் முழுவதும் நாதம்தான். காலையில் பேருந்தைப் பிடிக்க ஓடி, மாலையில் ஆய்வக ஏட்டை எழுத உட்காரும் நமக்கு அது ஆகுமா? நான் வாரம் முழுவதும் வாத்தியத்தைத் தொடாமல், ஞாயிறன்று மூன்று மணி நேரம் ஊதினேன். உதடு வீங்கிற்று. தெருவே சண்டைக்கு வந்தது. நாயனத்தை மெல்ல வாசி என்றால் எப்படி வாசிப்பது? முதற்பருவத்தில் கணிதத்தில் அரியரும் விழுந்தது. “ரெண்டுல ஒண்ணை விட்டுரு” என்றார் அப்பா. எதை விடச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியாதா?

வழி காட்டியவர் அம்மா. ஸ்வரம் என்றால் என்னவென்றே அறியாதவர். ஒரு நாள் சொன்னார்: “ஏய்யா, நல்லா வர்ற எடத்தையே திருப்பித் திருப்பி ஊதுற. தட்டுற எடம் வந்தா மட்டும் ஓட்டமா ஓடுற.” சட்டத்தில் தீக்குச்சி அடுக்கப் புதிதாக வரும் பெண்களும் அப்படித்தானாம். வேகம் காட்டப் பார்ப்பார்களாம்; குச்சி சரியும்; அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்க வேண்டும். முதலில் நிதானமாக அடுக்கியவளுக்கே பின்னால் கை பறக்குமாம்.

நம் முன்னோர் சரளி வரிசையை மூன்று காலத்தில் வாசிக்க வைத்ததன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. முதற்காலத்தில் விரல் தவறாத இடம்தான் மூன்றாம் காலத்திலும் தவறாது. அதை ஏதோ சடங்கு என்று எண்ணி, முதற்காலத்தை விழுங்கிவிட்டு ஓடியவன் நான்.

இப்போது நாளுக்கு இருபதே நிமிடம். விடியற்காலையில், வறண்டு கிடக்கும் வைப்பாற்று மணலில், சீமைக் கருவேல மரங்களுக்கு நடுவே வாசிக்கிறேன். அங்கே சண்டைக்கு வர ஆளில்லை. முழு உருப்படியை எடுப்பதில்லை. முந்தின நாள் தடுக்கிய சங்கதி ஒன்று, அதுவும் பாதி வேகத்தில். முதலில் வாயால் பாடுகிறேன், பிறகே ஊதுகிறேன். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் பொய் சொல்ல முடிவதில்லை. (குழல் சூடேறும் வரை சுருதி சற்றுத் தாழ்ந்தே நிற்கும். உள்ளிருக்கும் காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும் என்று ஒலியியலில் படித்ததை உதடே சொல்லிக் கொடுத்துவிட்டது!) மிச்சம் பேருந்தில். ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு விரலை மட்டும் ஓட்டுவேன். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியல் அறிஞரும் உடனிருந்தோரும் பெர்லின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட கட்டுரையை நம் விரிவுரையாளர்கள் அறிவார்கள். மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் ஏறத்தாழ 10,000 மணி நேரம் தனியே பயின்றிருந்தனராம். எனக்கும் வயது இருபது. என் கணக்கில் 400 மணிகூடத் தேறாது. அந்த எண்ணைக் கேட்டு வாத்தியத்தை மூட்டை கட்டியவர்களை நான் அறிவேன். அதே கட்டுரை சொல்லும் வேறொன்றை ஏனோ யாரும் பேசுவதில்லை: அவர்கள் இடைவிடாது வாசித்தவர்களல்லர். நேரத்தைப் பிரித்துக்கொண்டு, நடுவே ஓய்வெடுத்து, நன்றாகத் தூங்கவும் செய்தவர்கள். தேர்வுக்கு முந்தின இரவு விழித்துப் படிக்கும் நமக்கும் இது பொருந்தாதா என்ன?

கணித அரியரை இரண்டாம் பருவத்தில் எழுதித் தேறிவிட்டேன். அங்கும் தெரியாத கணக்கில்தான் முதலில் கை வைத்தேன். அப்பா இப்போது எதையும் விடச் சொல்வதில்லை, ஆடி மாதம் இருக்கன்குடிக்குப் போனபோது அங்கு வாசித்தவர்களைக் காட்டி, “நீ எப்ப இப்படி?” என்று கேட்டார்.

மழைக்காலத்தில் ஆற்றில் தண்ணீர் வந்தால் எனக்கு இடமில்லை. தவில், புல்லாங்குழல், கிதார் பழகும் நண்பர்கள் நால்வருக்கு எப்போதுமே இடமில்லை. கல்லூரி நாள் விழாவுக்கு மட்டும் எங்களைத் தேடுகிறார்கள். மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களை வேண்டிக்கொள்வது ஒன்றே: வகுப்புகள் முடிந்தபின், கடைசிப் பேருந்து புறப்படும் வரை, கதவு சன்னல்களைச் சாத்திக்கொள்ளும்படி ஓர் அறை. மைதானத்தின் கோடியில், உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கும் அறையாக இருந்தாலும் போதும். பெஞ்சுகளை நாங்களே ஒதுக்கி வைத்துக்கொள்கிறோம்.