ஜி6பிடி: மறைக்க வேண்டிய குறையன்று



நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி சோதனை செய்யப்படுகிறது. சில ஆண்டுகள் கழித்து அக்குழந்தை முதலாம் ஆண்டில் சேரும்போது, அம்முடிவு பள்ளிக்குத் தெரிகிறதா? பாகான் செராய் வட்டாரத்தில் நான் கண்டவரையில், பெரும்பாலும் இல்லை.

ஜி6பிடி என்பது எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு. அது உண்டாக்கும் நொதி, இரத்தச் சிவப்பணுக்கள் சிதையாமல் காக்கிறது. அந்நொதி குறைந்த பிள்ளைகள் மற்ற நாள்களில் நலமாகவே இருப்பர். அந்துருண்டை, ஃபாவா அவரை, சில மருந்துகள், கிருமித் தொற்று ஆகியவற்றால் மட்டும் அணுக்கள் திடீரென உடையக்கூடும். உடல் வெளிறும், கண் மஞ்சளாகும், சிறுநீர் கோப்பி நிறமாகும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பிரைமாகுயின் என்னும் மலேரியா மருந்தை உண்ட சிலருக்கு மட்டும் இரத்தம் சிதைந்தது ஏன் என்று ஆராய்ந்தபோதுதான், 1956-இல் இக்குறை கண்டறியப்பட்டது. இன்று உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இஃது உண்டு.

ஆண் பிள்ளைக்கு எக்ஸ் குரோமோசோம் தாயிடமிருந்தே வருகிறது. இதைக் கேட்டவுடன் மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வீடுகள் உள. பழிக்கு அஞ்சியே தாய்மார் வாய் திறப்பதில்லை. இது பேரறியாமை. இம்மரபணு மாற்றம் கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பளித்ததால்தான், அக்காய்ச்சல் மலிந்த நாடுகளில் தலைமுறை தலைமுறையாக நிலைத்தது என்று அறிவியலார் கூறுகின்றனர். தோட்டப்புறங்களில் மலேரியாவுக்கு உறவுகளைப் பறிகொடுத்த சமூகம் நாம். முன்னோரைக் காத்திருக்கக்கூடிய ஒன்றை இழுக்கு என்பது முறையா?

என் கருத்து இதுதான். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் ஜி6பிடி பற்றி ஒரு வரி கேட்போம். பள்ளி அலமாரிகளிலும் கழிவறைகளிலும் அந்துருண்டை போடுவதை நிறுத்துவோம். பெற்றோர்கள் குழந்தையின் மருத்துவக் குறிப்பேட்டை இன்றே எடுத்துப் பார்த்து, வகுப்பாசிரியரிடம் தெரிவிக்க வேண்டும். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையோ நாட்டு மருந்தோ கொடுக்கலாகாது.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. கூச்சத்தை விட்டால் போதும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.