வண்ணம் பூசிய சிறை

1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதியும் டென்மார்க் அதிகாரிகள் இருவரும் தெரேசியன்ஸ்டாட் யூதச் சிறைநகருக்கு வந்தார்கள். நாஜிகள் முன்கூட்டியே சுவருக்கு வண்ணம் பூசி, பூச்செடி நட்டு, பொய்க் கடைகளையும் திறந்து வைத்திருந்தார்கள். நெரிசல் கண்ணில் படக் கூடாதென்று மே மாதமே சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு ரயிலேற்றிவிட்டார்கள். நாஜிகள் காட்டியதை மட்டும் செஞ்சிலுவைப் பிரதிநிதி பார்த்தார், சாதகமாக அறிக்கை எழுதினார். ஒரு கதவையாவது தானே தட்டித் திறந்திருக்கலாம். அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு நாஜிகள் அங்கேயே பிரசாரப் படம் எடுத்தார்கள். கால்பந்து, கச்சேரி, சிரிக்கும் குழந்தைகள்! இயக்கும்படி பணிக்கப்பட்டவர் கைதியாயிருந்த பெர்லின் நடிகர் குர்ட் கெரோன். படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில் அவரையும், அதில் தோன்றிய பலரையும் ஆஷ்விட்சில் கொன்றார்கள்.