வீட்டுப் பொறிகள்: வரிசையில் எது பழுது?

சென்ற மாதம் நமது குடியிருப்பில் ஓர் அன்பர் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவருடைய தந்தையார் 1980களில் லண்டனில் பணியாற்றியபோது வாங்கிய கமடோர் 64 கணிப்பொறியும், 1541 என்னும் வட்டு இயக்கியும், ஓர் அச்சுப்பொறியும் பரணில் இருந்தன. தந்தையார் காலமாகிவிட்டார். குடும்ப வமிசாவளியை ஆங்கில எழுத்தில் தமிழாகவே தட்டி, ஒரு வட்டில் பதித்து வைத்திருந்தார். பழுது பார்க்க வந்தவரோ, "இயக்கி போய்விட்டது, எடைக்குப் போடுங்கள்" என்று கூறிச் சென்றாராம். அன்பரின் தாயார் முகவாட்டத்தைக் கண்ட நாம் மறுக்க மனமின்றி அமர்ந்தோம்.

1982ல் வெளிவந்த இக்கணிப்பொறி, தன் துணைக் கருவிகளோடு ஆறு முனைச் செருகி வழியாகப் பேசுகிறது. கணிப்பொறியிலிருந்து இயக்கிக்கு ஒரு வடம். இயக்கியிலிருந்து அச்சுப்பொறிக்கு மற்றொரு வடம். ஆயினும் கம்பிகள் யாவருக்கும் பொது. ரயில்வேக் கட்டுப்பாட்டுத் தொலைபேசியில் பல நிலையங்கள் ஒரே கம்பியில் இருப்பது போலத்தான். 'கவனம்' என்னும் கம்பி இழுக்கப்பட்டதும் எல்லாக் கருவிகளும் செவிசாய்க்கும். தன் எண் அழைக்கப்பட்டது மட்டும் பேச்சைத் தொடரும். அச்சுப்பொறிக்கு வழக்கமாக 4, இயக்கிக்கு 8. இரண்டு கருவிகள் ஒரே எண்ணைக் கொண்டிருந்தால் குழப்பமே மிஞ்சும்.

இவ்வகைக் கம்பியை எந்தக் கருவியும் கீழே இழுக்கலாம். ஆனால் ஒன்று இழுத்துப் பிடித்துக்கொண்டால் மற்றவை அனைத்தும் ஊமையாகும். இதுவே நோயின் வேர்.

ஆகவே, சோதனை முறை இது. முதலில் எல்லாவற்றையும் அணைத்து வடங்களைக் கழற்றுக. மின்சாரம் ஓடும்போது வடத்தைச் செருகுவதும் பிடுங்குவதும் உள்ளிருக்கும் சில்லுகளைக் கெடுக்கக்கூடும். பின்னர் இயக்கியைத் தனியே போடுக. சிவப்பு விளக்கு எரிந்து, மோட்டார் சிறிது சுழன்று, இரண்டும் ஓய வேண்டும். விளக்கு விட்டு விட்டு எரிந்தாலோ, மோட்டார் நில்லாது ஓடினாலோ பழுது இயக்கிக்குள் இருக்கிறது. அடுத்து, அணைத்துவிட்டு, ஒரே வடத்தால் கணிப்பொறியுடன் இணைத்து, இயக்கியையும் கணிப்பொறியையும் முறையே போடுக. கணிப்பொறி எழும்போது இயக்கியும் ஒருமுறை சிலிர்க்க வேண்டும். சிலிர்க்கவில்லையெனில் வடத்தின் மீட்டமைப்புக் கம்பியை மீட்டரால் சோதிக்க.

இனித் திரையைக் கவனிக்க. 'டிவைஸ் நாட் பிரெசென்ட்' என்று வந்தால், அழைப்புக்கு எவரும் விடையளிக்கவில்லை: எண்ணையும் வடத்தையும் பாருங்கள். 'சர்ச்சிங்' என்று கூறி அப்படியே உறைந்தால், யாரோ ஒருவர் கம்பியை விடாது பிடித்திருக்கிறார்.

அன்பர் வீட்டில் இரண்டாவதே நிகழ்ந்தது. தனியே போட்டபோது இயக்கி செவ்வையாக இயங்கிற்று! அச்சுப்பொறியின் மின்வடம் காணாமற் போயிருந்தது. உயிரற்ற அந்தக் கருவி வரிசையின் கடைசியில் நின்று கம்பியைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் வட்டின் பொருளடக்கம் திரையில் வரிசையாய் வந்தது. ஒரு கோப்பின் பெயர் அத்தாயாரின் பெயரே.

பழைய வட்டுகள் நாளடைவில் நைந்துபோகும். ஆகையால் அன்றே பிரதி எடுக்கச் செய்தோம். ஒன்றைக் குப்பையில் போடுமுன், வரிசையிலுள்ள மற்றவரையும் ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டும். இது கணிப்பொறிக்கு மட்டுமான விதியன்று.